நீண்ட சொல்லைப் பிரித்துப் படிக்கக் குழந்தைக்குச் சொல்லித் தருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்புப் பிள்ளை அவள். ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்: “ப… இள்… ளி… இக்… கூ… ட… இம்.” ஏழு எழுத்தையும் சரியாகச் சொல்லிவிட்டாள். “சரி, சேத்துச் சொல்லு, என்ன வார்த்தை?” என்றேன். என் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “கூடையாக்கா?” என்றாள்.

தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலராக இருந்த காலம் அது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பத் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பள்ளியில் உட்கார்ந்து முடிக்காமலே மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நிறையப் பேர். மாலையில் ஒன்றரை மணி நேரம், திண்ணையில் பாய் விரித்துச் சொல்லிக் கொடுப்போம். அவர்களில் பலருக்கு எழுத்து தெரிந்திருந்தது, சின்னச் சொற்களும் வந்தன. ஆனால் ஐந்தாறு எழுத்தைத் தாண்டினால் அப்படியே நின்றுவிடுவார்கள். இப்போதும் எத்தனையோ வீடுகளில் இதே நிலைமைதான். ஆங்கில வழியில் படித்துத் தமிழில் திணறும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

அந்தப் பிள்ளை எங்கே தடுக்கினாள் என்று பாருங்கள். ‘ள்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘இள்’. ‘க்’ என்பதற்கு ‘இக்’, ‘ம்’ என்பதற்கு ‘இம்’. சொல்லில் இல்லாத மூன்று ‘இ’களை அவள் உள்ளே கொண்டுவந்து விட்டாள். அவள் காதில் விழுந்தது ‘பஇள்ளிஇக்கூடஇம்’. அதிலிருந்து பள்ளிக்கூடத்தை யாரால் எடுக்க முடியும்? போதாததற்கு ஏழு துண்டுகள். ஏழையும் நினைவில் பிடித்துக்கொண்டு ஒட்டுவதற்குள் முதல் துண்டு மறந்துபோகிறது. கடைசியில் மனசில் தங்கிய ‘கூ’வை வைத்துக் ‘கூடை’ என்று ஊகித்தாள்.

அதனால் இந்த முறையின் அச்சாணி ஒன்றுதான்: புள்ளி வைத்த எழுத்தைத் தனியே நிற்க விடாதீர்கள். அது எப்போதும் தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் பள்–ளிக்–கூ–டம். ஏழு நான்காகிவிட்டது, பொய் ‘இ’யும் போய்விட்டது.

தமிழில் இது இவ்வளவு சுலபமாக அமைவதற்குக் காரணம் உண்டு. எந்தத் தமிழ்ச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. சொல்லின் துண்டும் அப்படித்தான், புள்ளி எழுத்தில் தொடங்காது. எங்கே வெட்டுவது என்பதை அந்தப் புள்ளியே காட்டிக்கொடுக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சோதனை

பாடப்புத்தகத்தில் கண்ணில் பட்ட பத்து உயிர்மெய் எழுத்துகளைத் தாறுமாறாகக் காட்டுங்கள். டி, மு, கை, தோ, ளா, னெ என்று. பார்த்த உடனே சொல்ல வேண்டும். யோசித்து யோசித்துச் சொன்னால் இன்னும் எழுத்தே பழகவில்லை என்று அர்த்தம். பிரித்துப் படிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எழுத்து. இருநூற்று நாற்பத்தேழும் மனப்பாடமாக வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஙு, ஙெ எல்லாம் எந்தச் சொல்லிலும் வருவதில்லை, அவற்றுக்காகப் பிள்ளையை வதைக்க வேண்டாம். கொம்பும் காலும் சேர்ந்த கொ, கோ வரிசையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேதான் பின்னால் சிக்கல் வரும்.

முதல் படி: புத்தகத்தை மூடிவிட்டுக் காதால் பிரிப்பது

பிள்ளையின் தாடைக்குக் கீழே அவள் புறங்கையையே வைக்கச் சொல்லுங்கள். ‘மாம்பழம்’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். தாடை மூன்று முறை கையில் இடிக்கும்: மாம்–ப–ழம். ‘அம்மா’வுக்கு இரண்டு. ‘தீ’க்கு ஒன்று. உயிரோசை வரும்போதெல்லாம் வாய் திறந்தாக வேண்டும், புள்ளி எழுத்துக்கு மூடும். இந்த விஷயத்தை விளக்கிச் சொல்லாமலே பிள்ளையின் கை தெரிந்துகொள்ளும்.

நாங்கள் புளியங்கொட்டை வைத்து விளையாடுவோம். சொல்லைச் சொல்லி, ஒரு துண்டுக்கு ஒரு கொட்டை. வீட்டில் இருக்கிறவர்கள் பெயர், கறிகாய்ப் பெயர், ஊர்ப் பெயர். கத்தரிக்காய்க்கு எத்தனை? கத்–த–ரிக்–காய், நாலு. முருங்கைக்காய்க்கு? மு–ருங்–கைக்–காய், அதுவும் நாலு. இரண்டு மூன்று நாள் இப்படியே போகட்டும். அவசரப்பட்டு எழுத்தைக் காட்டாதீர்கள். காதுக்குப் பிடிபடாத பிரிவு கண்ணுக்கும் பிடிபடாது.

இரண்டாம் படி: பென்சிலும் வளைவும்

இனி எழுத்துக்கு வரலாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். பெரிதாக எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே கிண்ணம்போல ஒரு வளைவு போடுங்கள். நடுவில் செங்குத்தாகக் கோடு போட வேண்டாம். நானும் முதலில் கோடுதான் போட்டேன். ‘பள்|ளி’ என்று எழுதினால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு துணைக்கால் மாதிரித் தெரிகிறது. ஒருவன் அதைப் ‘பள்ளா’ என்றுகூடப் படித்தான். வளைவில் அந்தக் குழப்பம் கிடையாது.

வரிசை முக்கியம். முதலில் நடுவில் ஒரு புள்ளி இருக்கும் இரண்டு துண்டுச் சொற்கள்: தம்–பி, வண்–டி, பட்–டு, மண்–டை. அடுத்து இரண்டு இடத்தில் புள்ளி வருவது: கண்–ணன், பட்–டம், தொப்–புள். பிறகு மூன்று துண்டு: தக்–கா–ளி, சக்–க–ரம். ‘குதிரை’யைக் கு–திரை என்று எழுதிவிடாதீர்கள், இப்போதைக்கு அது கு–தி–ரை. ஓரெழுத்தும் ஒரு துண்டுதான், புள்ளி வந்தால் மட்டுமே ஒட்டும். ‘எஃகு’ போல ஆய்தம் வந்தாலும் புள்ளிக்குள்ள அதே சட்டம்: எஃ–கு.

இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் பிள்ளை திகைக்கும். இரண்டுமே முன்னால் ஒட்டும்: வாழ்க்–கை, பார்த்–தான், வாய்ப்–பு, ம–கிழ்ச்–சி. இப்படி இரட்டையாக வரும்போது முதலில் நிற்பது அநேகமாக ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பாடப்புத்தகம் முழுக்கத் தேடிப் பார்த்து, “ஆமாக்கா!” என்பார்கள்.

கொம்புச் சங்கதியை இங்கே கவனியுங்கள். ‘புளியங்கொட்டை’யில் வளைவு போடச் சொன்னால், கொம்பை முந்தின துண்டோடு சேர்த்துவிட்டு ‘கா’விலிருந்து அடுத்த வளைவைத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. கொம்பு எப்போதும் தனக்குப் பின்னால் வரும் எழுத்துக்குச் சொந்தம். அதனால் எழுத்தில் கொம்பைக் கண்டால் அதற்கு முன்னால்தான் வெட்டு. ஒரு வாரம் கொம்பையும் காலையும் சிவப்புப் பேனாவில் எழுதிக் காட்டினேன், சரியாகிவிட்டது.

ஸ்டேஷன், ப்ளாஸ்டிக், ட்ரெயின் போன்ற சொற்களை இப்போது தொடாதீர்கள். வெளியிலிருந்து வந்த இந்தச் சொற்களில் புள்ளி எழுத்தே முதலில் நிற்கும், சட்டம் உடைந்துபோகும். சட்டம் கைக்கு வந்த பிறகு, “இது விருந்தாளிச் சொல், இதில் மட்டும் பின்னால் ஒட்டும்” என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: ஒட்டுவது

பிரிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் அநேகம் பேர் ஒட்டச் சொல்லிக் கொடுப்பதில்லை. “பள்–ளிக்–கூ–டம், சேத்துச் சொல்லு” என்று அதைப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு உண்மையில் உதவி தேவைப்படுவது இங்கேதான்.

ஒரு அட்டையால் சொல்லை மூடி, முதல் துண்டை மட்டும் காட்டுங்கள்: பள். அட்டையை நகர்த்தி: பள்ளிக். மறுபடி முதலிலிருந்து: பள்ளிக்கூ. அப்புறம் முழுசும். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்தே சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் கையில் எப்போதும் இரண்டு துண்டுகள்தான் இருக்கும்: ஏற்கெனவே ஒட்டியது ஒன்று, புதிது ஒன்று.

இதிலும் திணறினால் பின்னாலிருந்து வாருங்கள். டம். கூடம். ளிக்கூடம். பள்ளிக்கூடம். சிலருக்கு இது இன்னும் நன்றாக வரும். சொல்லின் கடைசிப் பகுதி பழகியதாக இருப்பதால், தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிற நிம்மதி அதில் இருக்கிறது.

ஒட்டும்போது ஓசை மாறும் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ‘க’தான். சொல்லிப் பாருங்கள், வாயில் மூன்று விதமாக வருகிறது. ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் ‘பா’ அழுத்தமாகவும் பின்னால் வரும் ‘பு’ மென்மையாகவும் வருகிறது. ஆனால் பாம்–பு என்று பிரித்ததும் பிள்ளை இரண்டாம் துண்டைப் ‘புலி’யில் வரும் ‘பு’வாகச் சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, பாம்பு என்ற சொல்லைத் தெரிந்த பிள்ளையே அதை அடையாளம் காணாமல் உட்கார்ந்திருக்கும். இதற்கு மருந்து, மூக்கு ஓசையில் நிற்காமல் இழுப்பது. “பாம்ம்ம்பு.” “தங்ங்ங்கம்.” “வண்ண்ண்டி.” இழுத்துக்கொண்டே அடுத்த எழுத்துக்குள் போனால் ஓசை தானாகவே மென்மையாகிவிடும். இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் திண்ணையில் பாதித் திணறல் குறைந்தது என்று துணிந்து சொல்வேன்.

‘ற்ற’வும் ‘ன்ற’வும் தனிக் குடும்பம். காற்–று, வெற்–றி, நன்–றி, கன்–று. பிரித்துச் சொன்னால் உண்மை ஓசை வராது. இவற்றை மட்டும் பிரிக்காமல் காற்று, வெற்றி, சுற்று, நன்றி, கன்று என்று ஒரே மூச்சில் கேட்டுப் பழகட்டும்.

நான்காம் படி: குறில்களைக் கைகோக்க வைப்பது

இங்கே வந்துவிட்ட பிள்ளை சரியாகப் படிக்கும், ஆனால் தந்தி அடிப்பது மாதிரிப் படிக்கும். ப–டித்–துக்–கொண்–டி–ருந்–தான். ஏழு துண்டு. வேகம் வர வேண்டுமானால் துண்டைப் பெரிதாக்க வேண்டும்.

இதற்கு நம் செய்யுள் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்த நேரசையும் நிரையசையும்தான் அது. குறிலுக்குப் பின்னால் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு அசை. அதன் பின்னால் புள்ளி வந்தால் அதுவும் கூடவே வரும். குறிலுக்குப் பின்னால் உடனே புள்ளி வந்துவிட்டால் அங்கேயே முடிந்தது. நெடில் வந்தால் அது தனி, புள்ளி இருந்தால் அதை மட்டும் சேர்த்துக்கொள்ளும். இந்தப்படி எடுத்தால் படித்–துக்–கொண்–டிருந்–தான். ஐந்தாகிவிட்டது. காதால் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் நிதானமாகச் சொல்லும்போது ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறோம்.

பிள்ளைக்கு நேர், நிரை என்றெல்லாம் சொல்ல வேண்டாம். “சின்ன எழுத்து தனியா போகாது, பக்கத்துல இருக்கறவங்க கையப் பிடிச்சுக்கும்” என்றால் போதும். அவர்கள் கைக்குத் தெரிந்துவிடும்.

இதற்குப் பேருந்துப் பலகையைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. திரு–வண்–ணா–மலை. விழுப்–புரம். உளுந்–தூர்–பேட்–டை. திருச்–சிராப்–பள்–ளி. ஒட்–டன்–சத்–திரம். பிள்ளைகள் இந்தப் பெயர்களை ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருப்பார்கள். பாதி ஒட்டும்போதே முழுப் பெயரும் வாயில் வந்துவிடும். தானாகப் படித்துவிட்ட சந்தோஷத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ‘கூடை’ என்று சொன்னாளே அந்தப் பிள்ளை, மார்கழி மாதத்தில் ஒருநாள் திண்ணைக்கு ஓடி வந்து, “அக்கா, உளுந்தூர்பேட்டைய நானே படிச்சேன், எங்கம்மா சொல்லல” என்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. கணக்குப்படி போனால் காஞ்சிபுரம் ‘காஞ்–சிபு–ரம்’ என்றும் கும்பகோணம் ‘கும்–பகோ–ணம்’ என்றும் ஆகும். செய்யுளுக்கு அது சரி. படிக்கிற பிள்ளைக்குக் காஞ்–சி–புரம், கும்–ப–கோ–ணம்தான் உதவும். பொருள் பிரியும் இடமும் அசை பிரியும் இடமும் முட்டிக்கொண்டால் பொருளின் பக்கம் நில்லுங்கள்.

ஐந்தாம் படி: வாலைப் பிடிப்பது

தமிழில் சொல் நீளமாவது பெரும்பாலும் பின்னால்தான். மரம், மரங்கள், மரங்களில், மரங்களிலிருந்து. தலை அதேதான், வால் வளர்ந்துகொண்டே போகிறது. வால்களோ எண்ணி அடக்கக்கூடியவை. -கள், -களை, -க்கு, -க்காக, -உடைய, -இலிருந்து, -கொண்டிருந்த, -வேண்டும், -முடியவில்லை, -படுகிறது. இந்தப் பத்தும் பார்த்தவுடன் வாயில் வந்துவிட்டால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் நீளச் சொற்களில் பெரும்பகுதி பயம் காட்டாது. ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதி, ‘மரம்’, ‘வீடு’, ‘அம்மா’ என்று தலைகளைத் தனி அட்டைகளில் எழுதி, மாற்றி மாற்றிச் சேர்த்து விளையாடுங்கள்.

சேரும் இடத்தில் எழுத்து மாறுவதையும் மெல்லக் காட்ட வேண்டும். ‘கொண்டு’வும் ‘இருந்தான்’னும் சேர்ந்தபோது ‘டு’வில் இருந்த ‘உ’ எங்கே போனது? ‘இ’ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்ததும் ‘டு’ போய் ‘டி’ ஆகிவிட்டது. ‘தலைமை’யும் ‘ஆசிரியர்’உம் சேர்ந்தபோது நடுவில் ‘ய்’ வந்து கைகொடுத்ததால் ‘யா’ ஆனது. ‘தஞ்சாவூர்’ என்று எழுதி, “இதுல ஊர் எங்க ஒளிஞ்சிருக்கு?” என்று கேளுங்கள். ‘வூர்’ரைத் தொட்டுக் காட்டும் பிள்ளைக்குப் புணர்ச்சி இலக்கணத்தின் வாசல் திறந்துவிட்டது.

‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லை இந்தப் படியில் கொடுத்துப் பாருங்கள். எழுத்தாக எண்ணினால் ஒன்பது, துண்டாக ஆறு, அசையாக நாலு: பல்–கலைக்–கழ–கம். பொருளாகப் பார்த்தால் பல், கலை, கழகம். பல கலைகளுக்கான கழகம். நடுவில் நிற்கும் ‘க்’ இரண்டையும் ஒட்டும் பசை. ஒன்பது எழுத்தாகப் பயமுறுத்திய சொல்லுக்குள் மூன்று தெரிந்த சொற்கள் உட்கார்ந்திருந்தன என்று பிள்ளைக்குத் தெரியும்போது அடுத்த நீளச் சொல்லைக் கண்டு அது ஓடாது.

நடுவில் வரும் தொல்லைகள்

முதல் துண்டைப் பார்த்துவிட்டு ஊகிப்பது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ‘பள்ளிக்கூடம்’ என்று இருக்கும், ‘பள்ளிவாசல்’ என்பார்கள். “தப்பு” என்று சொல்லாதீர்கள், சரியான சொல்லையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். முன்பாதியை விரலால் மறைத்து, “இங்க என்ன எழுதியிருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். ‘கூடம்’ என்று படித்ததுமே தானாகத் திருத்திக்கொள்வார்கள்.

‘படம்’ என்பதைப் ‘பாடம்’ என்று இழுத்தால் மாத்திரைக் கணக்குக்கு வாருங்கள். குறிலுக்கு ஒரு கண் இமை, நெடிலுக்கு இரண்டு. மேசையில் விரலால் தட்டிக் காட்டினால் புரியும்.

ல, ள, ழ உச்சரிப்பைப் பிரித்துப் படிக்கும் நேரத்தில் திருத்த வேண்டாம். சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலையே பிள்ளைக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. திருத்தத்துக்கு வேறொரு நாள் இருக்கிறது.

நேரம் பத்து நிமிடம், சொல் ஐந்து அல்லது ஆறு. அதற்கு மேல் போனால் பிள்ளை படிக்காது, ஒப்புக்குத் தலையாட்டும். தினமும் பத்து நிமிடம் நடப்பதுதான் வேலை செய்யும், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது செய்யாது. நேற்றுப் படித்த சொற்களில் இரண்டை இன்றும் கலந்து கொடுங்கள்.

வளைவை எடுத்துவிடுவது

சொல்லாக வந்துவிட்டால் உடனே வாக்கியத்துக்குப் போக வேண்டும். அடுத்த நாள் பாடத்தில் ஒரு பத்தியை எடுத்து, நீளமான சொற்களுக்கு மட்டும் பென்சிலால் லேசாக வளைவு போட்டு வையுங்கள். மூன்று தடவை படிக்கட்டும். முதல் தடவை தட்டுத் தடுமாறி, இரண்டாம் தடவை ஓரளவு, மூன்றாம் தடவைக்கு முன்னால் வளைவுகளை ரப்பரால் அழித்துவிடுங்கள். அழிப்பதைப் பிள்ளையையே செய்ய விடுங்கள். அடுத்த வாரம் வளைவு போடும் வேலையையும் அதனிடமே கொடுங்கள். கடைசியில் தானே பார்த்து, “இதுக்கு வேணாம், இது தெரியும்” என்று விட்டுவிடும்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் இது கைவந்தது. சிலருக்கு ஆறு மாதமும் ஆனது, அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் நேற்றுச் சொன்ன எழுத்தே இன்று மறந்துபோகிறது, வாயால் நன்றாகக் கதை சொல்லும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் மாதக் கணக்கில் பிடிபடவே இல்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம், அதற்கென்று இருக்கும் நிபுணரிடம் காட்ட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கும் புளியங்கொட்டையும் வளைவும் உதவும், துண்டை இன்னும் சின்னதாக வைத்து, ஒரு நாளைக்கு இரண்டே சொல்லாகக் கொடுங்கள்.